34 வயதில் இருதயத்தில் ஓட்டை: நெஞ்சைத் திறக்காமல் மூடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சுகப்பிரசவம். கொஞ்ச நாளாக, சாமான் பையோடு படியேறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோ (இருதய ஸ்கான்) செய்ததில் மேல் அறைகளுக்கு இடையே 18 மில்லிமீற்றர் ஓட்டை, வலது பக்கம் பெருத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். தொடை வழியாகக் கருவி வைத்து மூடலாம் என்கிறார் வைத்தியர். “இவ்வளவு காலமும் ஒன்றும் செய்யாத ஓட்டை இனி என்ன செய்யப்போகுது?” என்கிறார் மாமி. கணவர் கட்டாரில். மூடத்தான் வேண்டுமா? உள்ளே இரும்பை வைத்துக்கொண்டு வழமைபோல் இருக்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாமி கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் உங்கள் எக்கோ அறிக்கையிலேயே இருக்கிறது. வலது பக்கம் பெருத்திருக்கிறது என்ற அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மூச்சு வாங்குகிறதா இல்லையா என்பதைவிட அதற்குத்தான் கனம் அதிகம்.

இடது மேல் அறையில் அழுத்தம் சற்றுக் கூட. அதனால் நுரையீரலில் சுத்தமாகி வந்த இரத்தத்தில் ஒரு பங்கு, உடம்புக்குப் போகாமல் ஓட்டை வழியே வலது பக்கம் கசிந்து மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. வலது பக்கம் ஒன்றரை, இரண்டு மடங்கு இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. இளவயதில் இருதயம் இதைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் இரைச்சலும் மெல்லியது என்பதால், இரண்டு பிரசவத்திலும் யாருக்கும் பிடிபடாமல் போனதில் ஆச்சரியமில்லை. வயது ஏற ஏற இடது பக்கத் தசை இறுகும், கசிவும் கூடும். நாற்பதைத் தாண்டும்போது இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம், நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறலாம். அந்த அழுத்தம் மிகவும் ஏறிவிட்டால், பிறகு ஓட்டையை மூடுவதே ஆபத்தாகிவிடும். ஆகவே என் பதில்: மூடுங்கள், அவசரப்பட்டு ஓட வேண்டாம், ஆனால் வருடக்கணக்கில் தள்ளியும் போடாதீர்கள். இந்த வயதில் இது தானாக மூடிக்கொள்ளாது.

கருவி எல்லோருக்கும் பொருந்தாது. ஓட்டை, மேல் அறைகளுக்கு இடையிலான சுவரின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். கருவி பற்றிக்கொள்ளச் சுற்றிலும் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் விளிம்பாவது வேண்டும்; பெருநாடிப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் குறைந்தாலும் பல நேரம் சமாளிக்கலாம். இதைத் தொண்டை வழியாகச் செய்யும் எக்கோவில்தான் சரியாகப் பார்க்க முடியும். அதில் பொருந்தாது என்று தெரிந்தால் சத்திரசிகிச்சை இருக்கிறது. அதுவும் பல காலமாகச் செய்து நன்கு கைவந்த சிகிச்சைதான், அதைக் கேட்டு மனம் உடைந்துவிடாதீர்கள்.

இனி கருவி. நிக்கலும் டைட்டேனியமும் கலந்த மெல்லிய கம்பி வலையால் ஆனது, நீங்கள் நினைக்கும் இரும்பல்ல. இரண்டு வட்டத் தட்டுகள், நடுவில் ஒடுங்கிய இடை. சட்டைக் கையில் மாட்டும் கஃப்லிங்க் போல. இதை நீட்டி மடித்து ஒரு மெல்லிய குழாய்க்குள் வைத்து, தொடை இடுக்கில் உள்ள நாளத்தின் வழியாக இருதயத்துக்குக் கொண்டுபோவார்கள். குழாய் ஓட்டையைக் கடந்ததும் இடப்பக்கத் தட்டை விரித்து, சுவரோடு படியும்வரை பின்னால் இழுப்பார்கள். பிறகு வலப்பக்கத் தட்டு விரியும். அப்புறம்தான் எனக்குப் பிடித்த கட்டம்: கருவி இன்னும் அதைத் தள்ளிக்கொண்டுபோன கம்பியோடு இணைந்திருக்கும்போதே முன்னும் பின்னுமாக ஆட்டிப் பார்ப்பார்கள். அசைந்தாலோ, பக்கத்து வால்வில் உரசினாலோ திரும்பக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளலாம். திருப்தியான பிறகே திருகைக் கழற்றுவார்கள். பெரும்பாலும் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். அன்று, குழாய் போட்ட காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். பலர் மறுநாளே வீட்டுக்குப் போகிறார்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். நூற்றில் ஒருவர் அளவில் கருவி இடம் நழுவலாம். அதை வெளியே எடுக்க வேண்டி வரும். மிக அரிதாகப் பக்கத்துச் சுவரை உரசிப் புண்ணாக்கலாம். வீட்டுக்கு வந்தபின் நெஞ்சுவலி, மயக்கம், திடீர் மூச்சுத்திணறல், படபடப்பு, விடாத காய்ச்சல், இதில் எது வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே கருவி வைத்திருப்பதை முதலில் சொல்லுங்கள்.

கருவியின் மேல் உங்கள் சொந்தத் திசு படர்ந்து மூட மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதுவரை கருவியில் இரத்தம் கட்டாமல் இருக்க அஸ்பிரின், முதல் சில மாதங்கள் பெரும்பாலும் குளோபிடோகிரலும் சேர்த்துத் தருவார்கள். பெண்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடும் ஒன்று: இந்தக் குளிசைகளால் மாதவிடாய் இரத்தம் அதிகமாகப் போகலாம். போனால் நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், வழி இருக்கிறது. இந்த ஆறு மாதமும் கர்ப்பம் தரிக்க வேண்டாம். இந்தக் காலத்தில் பல் பிடுங்க வேண்டி வந்தால் முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும். முடிந்தால் பல் வேலையைக் கருவி வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது. சின்னப்பிள்ளையைத் தூக்குவதும் மூன்றாம் மாடிக்குச் சாமான் சுமப்பதும் அதில் அடக்கம். மாமியின் உதவி அங்கேதான் வேண்டும். கணவர் லீவு எடுப்பதானால் அந்த இரண்டு வாரத்துக்கு வருவது நல்லது.

அதன் பிறகு வழமையான வாழ்க்கைதான். எம்.ஆர்.ஐ. ஸ்கானை பெரும்பாலும் செய்யலாம், ஆனால் கருவியின் அட்டையைக் காட்டுங்கள். விமான நிலையச் சோதனைக்கும் பயமில்லை. கவரிங் நகை, மணிக்கூட்டுப் பட்டி போட்டால் தோல் அரித்துத் தடிக்கும் ஆளென்றால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். அதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கொழும்பு தேசிய வைத்தியசாலையின் இருதயப் பிரிவில் காட்டலாம். கருவிக்குக் காத்திருக்க வேண்டுமா, எவ்வளவு காலம் என்று முதல் கிளினிக்கிலேயே கேளுங்கள். பிள்ளைகள் இருவருக்கும் ஒருமுறை எக்கோ செய்துவிடுங்கள். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. போகும்போது எக்கோ அறிக்கை, ஈ.சி.ஜி., பிரசவக் கால கிளினிக் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டு போங்கள். “நுரையீரல் அழுத்தம் எவ்வளவு, விளிம்பு போதுமா?” என்ற இரண்டையும் கேட்டு அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.