போக்கரில் சின்ன பாட்களில் விட்டுப்போகும் பிளைண்டுகள் – கடிதம்

வணக்கம்.

ஆன்லைனில் 6 பேர் மேசையில் டெக்சஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறேன். மிகச் சிறிய பிளைண்ட் (சீட்டு வருமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பணம்), ஒரே நேரத்தில் 4 மேசைகள். பெரிய கைகளில் நான் அதிகம் இழப்பதில்லை. ஆனாலும் கணக்கு மெல்ல இறங்குகிறது. 10, 15 பிளைண்டில் முடிகிற பாட்களில்தான் (நடுவில் சேரும் பந்தயப் பணம்) ஏதோ கசிகிறது என்று நினைக்கிறேன். நல்ல கை வந்து பெட் வைத்தால் எல்லாரும் விலகுகிறார்கள். பதுங்கியிருந்தால் கடைசியில் ஒன்றும் தேறுவதில்லை. சின்ன பாட்டிலிருந்து கூடுதலாக எடுப்பது எப்படி? ப்ரீஃப்ளாப்பிலேயே, அதாவது பொதுச் சீட்டு வருமுன்பே, பெரிதாக ஏற்றிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சரியான இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். 6 பேர் மேசையில் எல்லாக் கையையும் விட்டுக்கொண்டே இருந்தால் 6 கை கொண்ட ஒரு சுற்றுக்கு 1.5 பிளைண்ட், அதாவது 100 கைக்கு 25 பிளைண்ட் போகும். (பிளைண்ட் என்று இங்கே நான் எண்ணுவது பெரிய பிளைண்டை; சின்ன பிளைண்ட் அதில் பாதி.) 100 கைக்கு 5 பிளைண்ட் லாபம் வந்தாலே நல்ல ஆட்டம். அப்படியிருக்க, ஒரு கையில் அரை பிளைண்டை விட்டுவிடுவது சின்ன விஷயமே அல்ல.

அந்த அரை பிளைண்ட் அதிகம் தொலைவது ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டில்), நடுத்தரக் கையில். பட்டனிலிருந்து (ஃப்ளாப் முதல் கடைசியாகப் பேசும் இடம்) 2.5-க்கு ஏற்றுகிறீர்கள், பெரிய பிளைண்ட் வைத்தவர் மட்டும் கால் செய்கிறார் (அதே தொகைக்குச் சமன் செய்கிறார்), சின்ன பிளைண்டின் 0.5-உம் சேர்ந்து பாட் 5.5. உங்களிடம் கிங்-9. ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) 9-5-2, மூன்றும் வேறு வேறு ஜாதி. 1.8 பெட், கால், பாட் 9.1. டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) ஜாக், இருவரும் செக் (பணம் வைக்காமல் விடுகிறார்கள்). ரிவரில் மறுபடி ஒரு 2. ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) எதுவும் அமையவில்லை. அவர் செக் செய்கிறார். இங்கே பலர் 'ஜெயித்தால் போதும்' என்று செக் செய்து சீட்டைக் காட்டிவிடுகிறார்கள். ஆனால் எதிரில் என்ன இருக்கலாம் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: 10-9, 9-8, 9-7, ஜோடி 8, ஜோடி 7, ஏஸ்-5. உங்களை வெல்வது ஏஸ்-9-உம் சில ஜாக்குகளும் எப்போதாவது ஒரு 2-உம். ஜாக் வைத்திருப்பவர், டர்னில் நீங்கள் செக் செய்ததைப் பார்த்த பிறகு ரிவரில் பெரும்பாலும் தானே பெட் வைத்திருப்பார். அதோடு டர்னில் காட்டிய தயக்கத்தால் உங்கள் கை பலவீனமாகத் தெரிகிறது. ஜோடி 7-ஐ விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வராது.

4.5 பெட் வையுங்கள். இப்படி 100 முறை நடந்து, 50 முறை அவர் கால் செய்து, அதில் 30 முறை தாழ்ந்த கையும் 20 முறை உயர்ந்த கையும் வந்தால் மிச்சம் 45 பிளைண்ட். 5 சதவீத ரேக் (தளம் பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் பங்கு) கழித்தாலும் ஒரு முறைக்குச் சுமார் 0.3 நிற்கிறது. அவர் செக் செய்து, முடிவு உங்கள் கையில் இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கால் வந்தால் பாதிக்கு மேல் நான் ஜெயிப்பேனா? அந்த ரேக்கில் அரைப் பாட் பெட்டுக்கு 50 போதாது, 53 வேண்டும். 'எத்தனை முறை நான் முன்னால் இருக்கிறேன்' என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டுக்கொண்டு பெட் வைத்தால், தாழ்ந்த கைகளெல்லாம் விலகி உயர்ந்தவை மட்டும் கால் செய்யும்.

இந்த பெட்டுக்கு மேல் அவர் ரெய்ஸ் செய்தால் (தொகையை ஏற்றினால்) விட்டுவிடுங்கள். சிறிய தொகை மேசைகளில் ரிவர் ரெய்ஸ் வெறும் ப்ளஃபாக வருவது அபூர்வம். இங்கே கோபப்பட்டு கால் செய்பவர், இப்படிச் சிறு முன்னிலையோடு வைத்த பெட்களில் சேர்த்ததை ஒரே கையில் திருப்பிக் கொடுக்கிறார்.

நீங்கள் முதலில் பேசும் இடத்தில் இருந்தால், இதே வகைக் கையோடு பாட்டின் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பெட் வைக்கலாம். செக் செய்தால் விலையை எதிரி நிர்ணயிப்பார்.

பதுங்குவதைப் பற்றி. 5.5 பாட்டில் ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் அரைப் பாட் பெட் வைத்து கால் கிடைத்தால் பாட் 11, 22, 44 என்று போகும். அதில் ஒன்றில் செக் செய்தால் 22-இல் நின்றுவிடும். ஜோடி 5 வைத்து ஃப்ளாப்பில் மூன்றாவது 5 வந்ததும் செக் செய்வதன் விலை அதுதான். 'பெட் வைத்தால் விலகுகிறார்கள்' என்பதற்குக் காரணம் பெரும்பாலும் அளவு. நல்ல கைக்கு முழுப் பாட்டும் மற்றதற்கு செக்கும் என்று ஆடினால் கவனிக்கிற யாரும் படித்துவிடுவார்கள். கிங்-7-2 போன்ற காய்ந்த (சீட்டுகள் ஒன்றோடொன்று சேராத) ஃப்ளாப்பில், எல்லாக் கையோடும் ஒரே அளவாக மூன்றில் ஒரு பங்கு வையுங்கள்.

அதே பெட், ஒன்றுமில்லாத கைக்கும் வேலை செய்யும். 5.5-ஐ எடுக்க 1.8 வைத்தால் 4-இல் 1 முறை அவர் விலகினாலே முதல் திரும்பிவிடும். ஜோடி இல்லாத இரண்டு சீட்டு, மூன்றில் இரண்டு முறை ஃப்ளாப்பில் எதையும் பிடிப்பதில்லை. கால் வந்து, டர்னும் உதவாவிட்டால் பெரும்பாலும் நிறுத்திவிடுங்கள். எதிரில் இருவர் இருந்தால் இந்தக் கணக்கு கெடுகிறது: ஒவ்வொருவரும் பாதி முறை விலகினாலும் இருவரும் சேர்ந்து விலகுவது 4-இல் 1 தான். 8-7-6 போன்ற ஃப்ளாப் பெரிய பிளைண்டின் கைகளுக்கே அதிகம் பொருந்தும். அங்கே வெறும் கையோடு வைக்காதீர்கள். ஃப்ளாப்பில் இருவரும் செக் செய்து, டர்னிலும் அவர் செக் செய்தால் அந்தப் பாட்டுக்கு உரிமை கேட்க ஆளில்லை. அரைப் பாட் வையுங்கள். 3-இல் 1 முறை அவர் விலகினால் போதும்.

ப்ரீஃப்ளாப்பில் பெரிதாக ஏற்றுவது தீர்வல்ல; உங்களைவிடத் தாழ்ந்த கைகளை நீங்களே விரட்டிவிடுவீர்கள். ரேக்கையும் மறக்காதீர்கள். அதற்கு உச்சவரம்பு உண்டு என்றாலும் சின்ன பாட்கள் அதைத் தொடுவதில்லை, முழுச் சதவீதமும் போகிறது. பல தளங்களில் ஃப்ளாப் வராமலே முடிந்த கைக்கு ரேக் இல்லை. அதனால் சின்ன பிளைண்ட் வைக்கும் இடத்திலிருந்து சும்மா கால் செய்து ஃப்ளாப் பார்ப்பதைவிட ரெய்ஸ் செய்வதோ விடுவதோ மேல்.

4 மேசையை இப்போதைக்கு 2 ஆக்குங்கள். நேரம் ஓடும்போது விரல் செக்கைத்தான் தேடும். நான் சொன்ன ரிவர் கணக்குக்குச் சில விநாடி வேண்டும். திரையிலுள்ள பெட் பட்டன்களை பாட்டில் 33, 50, 75 சதவீதத்துக்கு மாற்றிவையுங்கள். பிறகு கை வரலாற்றில் 15 பிளைண்டுக்குக் கீழே, ரிவரில் செக்-செக் ஆகி நீங்கள் ஜெயித்தவற்றை மட்டும் வடிகட்டுங்கள். தோற்றவர் காட்டாமல் விட்ட சீட்டும் பல தளங்களில் அங்கே பதிவாகியிருக்கும். ஒவ்வொன்றிலும் அரைப் பாட்டுக்கு அவர் கால் செய்திருப்பாரா என்று குறித்துவாருங்கள். 50 கை சேர்ந்ததும், ஆம் என்று குறித்தவற்றை முதலில் எழுதி அனுப்புங்கள்; அவற்றை வைத்து மேலே பேசலாம்.