வாசகர் கேள்வி – பதில்: பெட்ரோலுக்கு ஏன் வரிசை?

கேள்வி: 1971 முதல் 1974 வரை அமெரிக்காவில் படித்த என் பெரியப்பாவின் கடிதங்களில், முதலில் மலிவாகக் கிடைத்த பெட்ரோலுக்குப் பின்னர் நெடுநேரம் வரிசையில் நிற்க நேர்ந்ததாக எழுதியிருக்கிறார். காரணம் என்ன?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: விலைவாசியை அடக்க எண்ணிய அதிபர் நிக்சன், 1971 ஆகஸ்ட் 15 அன்று விலைகளையும் ஊதியங்களையும் 90 நாள்களுக்கு உயராமல் நிறுத்திவைத்தார். அதன் தொடர்ச்சியாகப் பெட்ரோலிய விலைக் கட்டுப்பாடு நீடித்த நிலையில், 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தட்டுப்பாட்டுக்கு ஏற்ப விலை தாராளமாக உயர முடியாததால்தான் அந்த வரிசைகள் நீண்டன. 1972இல் ஒரு காலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், ஏறக்குறைய 36 சென்ட்டுக்கு விற்றது. 1974இல் அது 50 சென்ட்டைக் கடந்தது. சில மாநிலங்களில், வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து, ஒருநாள் விட்டு ஒருநாளே பெட்ரோல் ஊற்றினார்கள். அக்கடிதங்கள் அரிய ஆவணங்கள். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரம் படாமல் பாதுகாத்து வையுங்கள்.