சொல்லிமுடியாத ஈவு – கடிதம்

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

போன வாரம் எங்கள் வீட்டு மாடியில் ஸ்டார் கட்டினோம். சுவிட்சைப் போட்டபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். துணி எடுத்தாயிற்று, கேக்குக்குச் சொல்லியாயிற்று, கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் தெருவுக்கு என்றைக்கு என்றும் கேட்டுவைத்தாயிற்று. வருஷா வருஷம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய் கேக்கும் உடுப்பும் கொடுக்கிறோம். போன தடவை அங்கே ஒரு சின்னப் பையன், போட்டோ எடுத்து முடிக்கும்வரை கேக்கைத் தின்னாமல் கையில் ஏந்திக்கொண்டே நின்றான். யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனுக்கே பழகியிருக்கிறது. அன்றிலிருந்து அங்கே போகக் கூச்சமாக இருக்கிறது, போகாமல் இருக்கவும் மனசு வரவில்லை. கொடுக்கத்தான் செய்கிறோம். ஆனால் இந்தப் பண்டிகைக்கும் கடவுளுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருக்கிறது. போதாததற்கு என் எட்டு வயது மகள், ‘இயேசப்பாவுக்குத்தானே பர்த்டே, நமக்கு எதுக்கு கிஃப்ட்?’ என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பையனைப் பற்றிய வரிகளைத் தாண்டி உடனே மேலே படிக்க முடியவில்லை. அவன் ஏந்தி நின்ற கையை எனக்குத் தெரியும். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

1987 டிசம்பர். பாளையங்கோட்டையில் இருந்தோம். அப்பா வேலை பார்த்த ஆலை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷம் வீட்டில் மாவு இடிக்கவில்லை. அச்சு முறுக்கு அச்சு பரணிலேயே கிடந்தது. 23-ஆம் தேதி சாயங்காலம் சபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பை அரிசி, அம்மாவுக்கு ஒரு சேலை, ஒரு கவரில் 200 ரூபாய். நல்ல மனிதர்கள். திண்ணையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினார்கள், அப்பாவிடம் ஊர்க்கதை பேசினார்கள். ஆனாலும் அரிசிப் பையை வாங்கி உள்ளே கொண்டுபோனது நான். எனக்குப் பதினொரு வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்தடி தூரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் ராத்திரி அம்மா ஒரு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரை எடுத்தாள். பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் கோயிலில் போடுவோமே, அதேதான். அந்த 200 ரூபாயிலிருந்து இரண்டு பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்து நீவி உள்ளே வைத்து, ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். பெயர் எழுதும் இடத்தில் ‘ஒரு குடும்பம்’ என்று எழுதினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ‘அவங்க கொடுத்ததை எடுத்து அவங்களுக்கே கொடுக்கியா?’ என்றேன். ‘அவங்களுக்கா கொடுக்கேன்? இது நம்ம பங்குட்டி’ என்றாள். காலையில் நாலு மணி ஆராதனையில் காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தது. அம்மா கவரைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அவள் முகத்தில் இருந்த குன்றல் அப்போது இல்லை.

பங்கு என்ற சொல்லை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. வேதாகமத்தில் இரண்டாம் கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். கி.பி. 50-களின் நடுவில், எருசலேமில் கஷ்டப்பட்ட சபையாருக்காக அப்போஸ்தலர் பவுல் பணம் சேர்க்கிறார். கொரிந்து சபைக்கு எழுதும்போது, வடக்கே மக்கெதோனியாவில் இருந்த சபைகளை எடுத்துக்காட்டுகிறார். பிலிப்பியும் தெசலோனிக்கேயும் அந்தப் பக்கம்தான். ‘கொடிய தரித்திரமுடையவர்களாயிருந்தும்’ அவர்கள் கொடுத்தார்கள் என்கிறார். எங்களையும் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே வருந்திக் கேட்டார்களாம்.

இந்த வசூல் பேச்சின் நடுவில்தான் கிறிஸ்துமஸ் முழுவதும் ஒரே வசனமாக வந்து நிற்கிறது: ‘அவர் ஐசுவரியமுள்ளவராயிருந்தும், நீங்கள் அவருடைய தரித்திரத்தினாலே ஐசுவரியவான்களாகும்படிக்கு, உங்கள்நிமித்தம் தரித்திரரானாரே.’ மேய்ப்பர்கள் இல்லை, நட்சத்திரம் இல்லை, முன்னணைகூட இல்லை. ஆனால் எல்லாம் அதில் இருக்கிறது. அப்புறம் 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வரி: ‘தேவன் அருளிய சொல்லிமுடியாத ஈவுக்காக அவருக்கு ஸ்தோத்திரம்.’ ஈவு என்றால் கொடை. வாழ்த்து அட்டைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஏழைகளுக்காகப் பணம் கேட்டு எழுதிய பகுதி இந்த வரியில்தான் முடிகிறது என்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

நீங்கள் கடிதத்தைத் தொடங்கியதும் இதே சொல்லில்தான். வணக்கம் சொல்வதுபோல ஸ்தோத்திரம் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. மூல கிரேக்கத்தில் அந்த வரியில் இருக்கும் சொல் ‘காரிஸ்’. இந்த இரண்டு அதிகாரங்களிலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. நம் வேதாகமத்தில் அதையே ஓரிடத்தில் கிருபை என்றும், ஓரிடத்தில் தர்மகாரியம் என்றும், கடைசியில் ஸ்தோத்திரம் என்றும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். கடவுளிடமிருந்து நமக்கு வருவது, நம்மிடமிருந்து அடுத்தவருக்குப் போவது, திரும்பக் கடவுளுக்கு நன்றியாகச் சொல்வது, மூன்றுக்கும் ஒரே பெயர். முதலில் வருவதை மறந்துவிட்டுக் கொடுப்பதை மட்டும் செய்தால், கொடுக்கிறவர் மேட்டிலும் வாங்குகிறவர் பள்ளத்திலும் நிற்கும்படி ஆகிவிடும். அந்தப் பையன் நின்றது அந்தப் பள்ளத்தில். உங்கள் கூச்சம் நல்ல கூச்சம், சகோதரி. அதைப் போக்கிக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

அங்கே போவதை நிறுத்தவும் வேண்டாம். போவதற்கு முன்னால் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டு, என்ன குறைவாக இருக்கிறது என்று கேளுங்கள். கேக் என்று சொல்லமாட்டார். டிசம்பரில் கேக் குவியும். ஜூன் மாதத்துக்கு ஷூ, யாரோ ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி, பிப்ரவரி மாத மளிகை என்று ஏதாவது சொல்லுவார். அதைக் கொடுங்கள். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். பந்தியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அன்று அங்கே என்ன சமைத்தார்களோ அதைச் சாப்பிடுங்கள். அவர்களில் ஒருவன் ஒரு காகித ஸ்டார் செய்து நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கட்டுங்கள். அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ள நமக்குத் தெரியவேண்டும் என்பது என் அழுத்தமான எண்ணம்.

பண்டிகைக்கு வெளியே ஒன்று. எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு பானையில் போடுவாள். பானை நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். மிசோரமில் 1910-இல் பெண்கள் தொடங்கிய இதே கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றும் அங்கே சபை ஊழியத்தைத் தாங்குகிறது. சமைக்கிற ஒவ்வொரு வேளையும், இது எனக்குக் கிடைத்தது என்று கை நினைத்துக்கொள்கிறது. இப்படிப் பதினோரு மாதம் இருந்துவிட்டு வருகிற டிசம்பர் வேறு மாதிரி இருக்கும்.

சரி, மகளின் கேள்வி. கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிக் கேட்டால், அந்தத் தாத்தாவுக்கு மூலமான மிரா நகரத்து ஆயர் நிக்கொலாஸ் மூன்று ஏழைப் பெண்களின் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இரவில் பொன் போட்டதாக வழங்கும் கதையைச் சொல்லலாம். ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் லூக்கா 2-ஆம் அதிகாரத்தில், நம் கிறிஸ்துமஸ் நாடகங்கள் முடிந்துவிடும் இடத்துக்கு அப்புறம் இருக்கிறது. பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழித்து மரியாளும் யோசேப்பும் தேவாலயத்துக்குப் போகிறார்கள். ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுபோக வேண்டும். அதற்கு வசதியில்லாதவர்கள் இரண்டு புறாக்களைக் கொண்டுபோகலாம் என்று லேவியராகமம் 12-இல் இருக்கிறது. லூக்கா புறாக்களைத்தான் குறிப்பிடுகிறார். உலகத்துக்கே ஈவாக வந்த குழந்தையைக் கையில் வைத்திருந்த வீட்டால் அவ்வளவுதான் முடிந்தது. அதைக் குறைவு என்று நினைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மா நீவி வைத்த இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் ஞாபகம் வரும். பர்த்டே இயேசப்பாவுக்கு, ஆனால் பரிசு வாங்கியது நாம்தான், அதனால் இப்போது நம் முறை என்று அவளிடம் சொல்லுங்கள். எட்டு வயதில் அது புரியும்.

24-ஆம் தேதி ராத்திரி ஒரு காணிக்கைக் கவரை அவள் கையிலேயே கொடுங்கள். இந்த வருஷம் யார் யார் தனக்கு என்ன கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதட்டும். டீச்சர், ஆட்டோ மாமா, பென்சில் கொடுத்த தோழி, எல்லாரும் வரட்டும். உண்டியலிலிருந்து எவ்வளவு எடுத்து வைப்பது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். பெயர் எழுதும் இடத்தில் அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரிவியுங்கள்.

அன்புடன்
அக்கா