தங்கச் சாவிக்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: பார்டர்லேண்ட்ஸ் 2 என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ விளையாட்டை, ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடியில் வாங்கினேன். ஆரம்பத்தில் வரும் வில்லன் கேப்டன் ஃபிளின்ட்டைத் தாண்டவே முடியவில்லை. சாட் குழு ஒன்றில் ஒருவர் 400 ரூபாய்க்கு 50 தங்கச் சாவி தருகிறாராம். என் ஸ்டீம் பாஸ்வேர்டைக் கொடுத்தால் லெஜண்டரி எனப்படும் மிக அரிய துப்பாக்கிகளும் ஏற்றித் தருவாராம். டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) எல்லாவற்றுக்கும் பாதி விலையில் கீ, அதாவது ஸ்டீமில் போட்டுத் திறக்கும் குறியீடு, இருக்கிறது என்கிறார். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர்

பதில்: வேண்டாம் தம்பி. தங்கச் சாவியால் திறக்கும் ஆயுதப் பெட்டி, விளையாட்டில் பிறகு வரும் சாங்சுவரி நகரத்தில் இருக்கிறது. ஃபிளின்ட்டை முடித்து, படகேறி, அப்புறமும் சில வேலைகளைச் செய்தால்தான் அந்த ஊருக்குள் போக முடியும். நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ஐம்பது சாவி இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. விற்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

அந்தச் சாவிகள் இலவசம் என்பதையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். விளையாட்டைத் தயாரித்த கியர்பாக்ஸ் நிறுவனமே ‘ஷிஃப்ட்’ குறியீடுகளைச் சமூக ஊடகங்களில் வெளியிடும். ஐந்தைந்தாகப் பிரித்த 25 எழுத்தும் எண்ணும். தொடக்கத் திரையில் ‘எக்ஸ்ட்ராஸ்’ பகுதிக்குள் போய்த் தட்டினால் சாவி வந்துவிடும். ஒரே குறியீட்டை யார் வேண்டுமானாலும், கணக்குக்கு ஒரு முறை, போட்டுக்கொள்ளலாம். அவர் அதையே நூறு பேருக்கு விற்றாலும் அவர் கையிலிருந்து ஒன்றும் குறையாது.

இதில் கம்பெனி மீதும் எனக்குக் கோபம் உண்டு. 2012-இல் வந்த விளையாட்டு. அதற்குத் தனியாக ஒரு ஷிஃப்ட் கணக்கு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் குறியீடுகள், போட்டுப் பார்த்தால் ‘காலாவதி’ என்ற பதில். சாவியை விளையாட்டுக்குள்ளேயே கொடுத்துத் தொலைத்தால் இடைத்தரகர்களுக்கு வேலையே இருக்காதே!

லெஜண்டரி ஆசையையும் விடுங்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு லெவல் உண்டு. உங்கள் லெவல் அதைத் தொடாதவரை கையில் எடுக்க முடியாது. பையில் கிடந்து இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். உங்கள் லெவலுக்குத் தகுந்ததாகவே கொடுத்தாலும் நாலைந்து லெவல் ஏறியதும் அது பழைய சாமான். இதற்காகப் பாஸ்வேர்டைக் கொடுப்பவர்களை என்ன சொல்வது! அதே ஸ்டீம் கணக்கில்தானே நீங்கள் வாங்கிய மற்ற விளையாட்டுகளும் இருக்கின்றன?

சரி, ஃபிளின்ட். உங்கள் லெவல் எண்ணையும் அவனுடையதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவனுடையது கூடுதல் என்றால் உங்கள் குண்டுக்கு வலு குறையும். லயர்ஸ் பெர்க் ஊருக்குத் திரும்பி, அங்கே இருக்கும் சர் ஹாமர்லாக் தரும் துணை வேலைகளை முடியுங்கள். ஒன்றில் நல்ல ஷீல்டு (அடியைத் தாங்கும் கவசம்) கிடைக்கும். புல்லிமாங் என்ற மிருகத்தின் ரோமம் சேகரிக்கும் வேலையில், ரோமத்தைக் கூட வரும் ரோபோ கிளாப்டிராப்பிடம் கொடுத்தால் ஷாட்கன், ஹாமர்லாக்கிடம் கொடுத்தால் தூரத்திலிருந்து சுடும் ஸ்னைப்பர். ஸ்னைப்பரை வாங்கிக்கொள்ளுங்கள், ஃபிளின்ட்டிடம் தூரத்தில் நிற்பதுதான் பிழைக்கும் வழி. அவன் நெருப்பு கக்குபவன். நெருப்புத் துப்பாக்கி அவனிடம் எடுபடாது. அவன் உடம்பு தீப்பற்றி எரியும்போது சுட்டுக் குண்டை வீணாக்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

முக்கியமான விஷயம் இது: அவனுடைய அடியாட்களில் ஒருவனைக் கொல்லாமல் விட்டுவையுங்கள். நீங்கள் விழுந்தவுடன் திரை மங்கும், சில விநாடி அவகாசம் இருக்கும். அதற்குள் யாரையாவது சுட்டு வீழ்த்தினால் எழுந்துவிடலாம். எல்லோரையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஃபிளின்ட்டோடு தனியாக நிற்பவர்கள்தான் திரும்பத் திரும்பச் சாகிறார்கள். கிளாப்டிராப் உதவுவான் என்று காத்திருக்காதீர்கள். படிக்கட்டைப் பார்த்தாலே நின்றுவிடும் ரோபோ அவன்.

கடைசியாக அந்தப் பாதி விலை கீ. வெளியில் விற்கும் கீ எல்லாமே திருட்டு என்று சொல்ல மாட்டேன். ஹம்பிள் பண்டில் போன்ற கடைகள் வெளியீட்டாளரிடமிருந்தே கீ வாங்கி விற்கின்றன. அங்கே தாராளமாக வாங்கலாம். ஆனால் ‘கடை’ வேறு, ‘சந்தை’ வேறு. சில தளங்கள் பார்க்கக் கடை மாதிரியே இருக்கும். உள்ளே போனால் ஒரே விளையாட்டுக்கு வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு விலை போட்டிருப்பார்கள். அது சந்தை. அந்தக் கீ எங்கிருந்து வந்தது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. திருட்டுக் கிரெடிட் கார்டில் வாங்கியது என்றால் பின்னால் ரத்தாகலாம். கடைதானா என்று சந்தேகம் வந்தால், விற்பவர் பெயர் அந்தத் தளத்தின் பெயரேதானா என்று பாருங்கள். சாட் குழுவில் விற்பவர் இந்த இரண்டு கணக்கிலும் வரமாட்டார்.

டிஎல்சியை ஸ்டீமிலேயே வாங்கினால், 14 நாளுக்குள், அதை வாங்கிய பிறகு 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளிக் கீக்கு ஸ்டீம் பணம் தராது. எப்படியும் சாங்சுவரி போய்ச் சேரும்வரை உங்களுக்கு டிஎல்சி தேவையில்லை.

பாஸ்வேர்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, ஸ்டீம் கார்ட் (Steam Guard) என்ற கணக்குப் பாதுகாப்பை ஆன் செய்யுங்கள்.