வாசகர் கேள்வி – பதில்: வேடம் கட்டியவருக்கு எந்த வரிசை?

கேள்வி: ரோமாபுரியின் கொலோசியத்தில் பெண்களும் விளையாட்டுப் பார்த்தார்களா?
– வாசகி, பீனிக்ஸ், டர்பன்

பதில்: பார்த்தார்கள்; ஆனால் உச்சி வரிசைகளில் இருந்துதான். கி.பி. 80இல் அந்த அரங்கம் திறக்கப்படுவதற்கு முன்பே, வாள் வீரர் மோதும் காட்சிகளில் பெண்கள் மேல் வரிசைகளில்தான் அமர வேண்டும் என்று ரோமாபுரியின் முதல் பேரரசர் அகஸ்டஸ் விதித்திருந்தார். தேர்ப்பந்தயம் நடந்த சர்க்கஸ் மாக்சிமஸில் ஆணும் பெண்ணும் கலந்தே உட்கார்ந்தார்கள். தென்னாப்பிரிக்க மைதானங்களில் தோல் நிறத்துக்கொரு பகுதி ஒதுக்கிய காலத்தைக் கண்ட நமக்கு, இருக்கை வரிசை ஒரு சமூகத்தை எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பது தெரிந்ததே.

கேள்வி: கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தில் என் தாத்தா பெண் வேடம் கட்டியவர். ஊர் ரசித்தது, ‘கூத்தாடி’ என்று ஏளனமும் செய்ததாம். கிரேக்க, ரோமானிய நடிகர்களின் நிலை எப்படி?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: கிரேக்க நகரமான ஏதென்ஸில் உங்கள் தாத்தாவுக்கு மதிப்பு இருந்திருக்கும். அங்கே நாடகம் என்பது, நம் அம்மன் கோயில் திருவிழாக் கூத்தைப் போலவே, டயனைசஸ் தெய்வத்தின் வசந்த விழாவோடு சேர்ந்தது. பாடற்குழுவின் பயிற்சிக்கும் உடைக்கும் ஆகும் செலவைச் செல்வந்தர் ஒருவர் ஊருக்குச் செய்யும் கடமையாக ஏற்க, நடிகருக்கு நகர அரசே ஊதியம் தந்தது. சோக நாடகத்தில் மூன்றே ஆண்கள் முகமூடியை மாற்றி மாற்றி அணிந்து, அரசியாகவும் அடிமையாகவும் தூதனாகவும் தோன்றினார்கள். கி.மு. 346இல் மாசிடோனிய மன்னர் பிலிப்பிடம் சமாதானம் பேசச் சென்ற ஏதென்ஸ் தூதுக்குழுவில் அரிஸ்டோடெமஸ் என்ற நடிகரும், முன்பு மேடையில் நடித்த ஐஸ்கினிஸும் இருந்தார்கள் என்றால் அவர்களுக்கிருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

ரோமாபுரி நடிகரை ஆரவாரம் செய்து பார்த்தது. ஆனால் சட்டத்தில் அவரை மானமிழந்தவர் என்று ஒதுக்கியது. செனட்டர் குடும்பத்து ஆண்கள் நடிகையை மணக்கக் கூடாதென்று அகஸ்டஸ் காலத்துச் சட்டம் தடுத்தது. இந்தக் கொடுமைக்கு லபேரியஸின் கதையே எனக்கு முதலில் நினைவுக்கு வரும். குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்த அந்த உயர்குடி மனிதர் நகைச்சுவை நாடகங்கள் எழுதினாரே தவிர, மேடையில் கால் வைத்ததில்லை. கி.மு. 46இல், அறுபது வயதில், அவரே நடிக்க வேண்டும் என்று ஜூலியஸ் சீசர் வற்புறுத்தினார். உயர்குடியாக வீட்டை விட்டுப் புறப்பட்டவன் கூத்தாடியாகத் திரும்பப் போகிறேனே என்று மேடையிலேயே அவர் புலம்பினார். நடித்து முடித்ததும் சீசர் 5,00,000 செஸ்டர்ஸ் பணமும், இழந்த தகுதியைத் திருப்பித் தரும் தங்க மோதிரமும் கொடுத்தார். ஆனால் அவர் தம் வகுப்பாருக்குரிய பதினான்கு வரிசைகளுக்குத் திரும்பியபோது, அங்கிருந்தவர்கள் இடம் விடாமல் அமர்ந்துகொண்டார்கள். “நெருக்கடி இல்லையென்றால் இடம் தந்திருப்பேன்” என்றார் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ. சீசருக்கும் அவருடைய எதிரியான தளபதி பாம்பேக்கும் நடுவே ஊசலாடியவர் அவர். “வழக்கமாக நீங்கள் இரண்டு இருக்கைகளில் உட்காருபவர் ஆயிற்றே” என்று லபேரியஸ் பதில் சொன்னார்.