முதல் தடவையா அப்பா அம்மாவோட சிங்கப்பூர்ல இருந்து க்ரூஸ் போறோம், எந்தக் கம்பெனி எங்களுக்கு செட் ஆகும்?

கம்பெனி பேரை அப்புறம் பாக்கலாம், முதல்ல யாரு கூட வர்றாங்கன்னு பாருங்க. அப்பா அம்மா கூட வர்றாங்கன்னு எழுதியிருக்கீங்க, அவங்களுக்கு அறுபது தாண்டியிருக்கும், அம்மாவுக்கு முட்டி வலி இருக்கும், சாப்பாடு சைவம்னு நானா வச்சுக்கிட்டுத்தான் எழுதுறேன். ஏன்னா எங்க வீட்டு நிலைமை அதான்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம், கப்பல் எந்த ஊர்ல எப்படி நிக்குதுங்கறது. ஃபுக்கெட் போற கப்பல் பல தடவை பதோங் பீச்சுக்கு எதிர்ல கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும். அங்கேருந்து டெண்டர்னு சொல்ற சின்ன போட்ல இறங்கித்தான் கரைக்குப் போகணும். போட் அலையில ஏறி இறங்கிட்டே இருக்கும், படியில இருந்து அதுல காலை வைக்கணும். எங்க மாமியாரைக் கூட்டிட்டுப் போனப்ப புக் பண்ணிக் குடுத்த ஏஜென்ட் இதைப்பத்தி ஒரு வார்த்தை சொல்லல, நாங்க கேட்டதுக்கும் "வீல்சேர் இருக்கு மேடம், கவலைப்படாதீங்க"ன்னுதான் சொன்னாரு. அத்தை அந்தப் படிக்கிட்ட வரைக்கும் வந்து, தண்ணியப் பாத்துட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்ல இருக்கேன்"னு திரும்பிட்டாங்க. அந்த ஏஜென்ட் மேல எனக்கு இன்னும் கோபம் போகல.

அதனாலதான் எங்க அப்பா அம்மாவை ஊர்ல இருந்து வரவழைச்சப்ப நான் கப்பலைப் பாக்கறதுக்கு முன்னாடி துறைமுகத்தைப் பாத்தேன். மலேசியாவோட பினாங்குல ஸ்வெட்டன்ஹாம் பியர்ங்கற கப்பல்துறை ஜார்ஜ் டவுன் ஊருக்குள்ளயே இருக்கு, கப்பல் கரையில ஒட்டி நிக்கும், நேரா நடந்து வெளிய வந்துடலாம். மணிக்கூண்டைத் தாண்டி பீச் ஸ்ட்ரீட் பக்கமா மெதுவா நடந்தா குயீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில், 1833ல கட்டினது, பினாங்குலயே ரொம்பப் பழைய இந்துக் கோயில். அம்மா வழி முழுக்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு "இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டா நீயே சொல்லிரு"ன்னு சொல்லிட்டே வந்தாங்க. கோயிலுக்குப் பக்கத்துல பூ விக்கிற அம்மா ஒரு முழம் மல்லிய அளந்துக்கிட்டே "எந்த ஊரும்மா?"ன்னு கேட்டாங்க. எங்க அம்மா என் கையை விட்டுட்டு "தூத்துக்குடி"ன்னாங்க, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசின பேச்சுல நானும் அப்பாவும் வெயில்ல ஓரமா நின்னோம். ஒரு கோயிலுக்குப் போக எதுக்கு க்ரூஸ், ஃப்ளைட்ல போலாமேன்னு கமென்ட்ல யாராவது வருவீங்க. பெட்டியத் தூக்கிட்டு ஏர்போர்ட், டாக்ஸி, ஹோட்டல்னு வயசானவங்களை அலைய விட்டுப் பாத்துட்டு அப்புறம் வந்து சொல்லுங்க.

நாங்க போனது கென்டிங் ட்ரீம், 2016ல ஜெர்மனில கட்டின கப்பல், நாங்க போனப்ப ரிசார்ட்ஸ் வேர்ல்ட் க்ரூஸஸ் நடத்துச்சு, 2025ல அந்தக் கம்பெனி ஸ்டார்ட்ரீம் க்ரூஸஸ்னு பேர் மாத்திக்கிச்சு. இந்தியக் கூட்டம் நிறைய வரும், இந்தியச் சாப்பாடு, சைவம், ஜெயின் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். வீட்டுல டீனேஜ் பசங்க இருந்தா ராயல் கரீபியனோட குவான்டம் வகைக் கப்பல் பாருங்க, உள்ளயே பம்பர் கார், காத்துல மிதக்கிற ஸ்கைடைவிங், கடல் மட்டத்துக்கு 300 அடி மேல தூக்கிட்டுப் போற கண்ணாடிக் கூண்டுன்னு பசங்க கேபினுக்கே வரமாட்டாங்க. ஆனா அறுபத்தஞ்சு வயசு ஆளுக்கு அதுக்கெல்லாம் சேத்து காசு குடுக்கறது வீண். நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்ல, எந்த சீசன்ல எந்தக் கப்பல் சிங்கப்பூர்ல நிக்கும்ங்கறதும் மாறிட்டே இருக்கும், பாத்துக்கோங்க.

கப்பல் பெருசு சின்னதுன்னு ஏமாறாதீங்க, எத்தன பேரை ஏத்துதுன்னு கேளுங்க. உதாரணத்துக்கு, இந்தியாவுல ஓடுற கார்டீலியா கம்பெனியோட எம்ப்ரஸ் 1990ல ராயல் கரீபியனுக்காக நார்டிக் எம்ப்ரஸ்னு கட்டின கப்பல், சுமார் 48,500 டன். 2015ல வந்த, வைக்கிங் கம்பெனியோட வைக்கிங் ஸ்டாரும் கிட்டத்தட்ட அதே அளவு, 47,800 டன். டன்னுன்னா இங்க எடை இல்ல, கப்பலுக்குள்ள இருக்கற இடத்தோட கணக்கு. முதல்ல சொன்னதுல ரூமுக்கு ரெண்டு பேர்னு வச்சாலே 1,600 பேர், இன்னொண்ணுல 930 பேர். வைக்கிங்ல கேசினோ கிடையாது, 18 வயசுக்குக் கீழ ஏத்தவே மாட்டாங்க, அதுக்கேத்த மாதிரி விலையும் அதிகம். எம்ப்ரஸ் மட்டம்னு சொல்லல, பாட்டு கூத்து சொந்தக்காரங்கன்னு கூட்டமா போறவங்களுக்கு அதான் சரி, விசா தொல்லையும் இல்லாம இந்தியாவுக்குள்ளயே போயிட்டு வரலாம். அமைதியா கடலைப் பாக்கணும்ங்கறவங்க அதுல ஏறிட்டு சத்தமா இருக்குன்னு ரிவ்யூல புலம்பறதுலதான் எனக்கு உடன்பாடு இல்ல.

அப்புறம் ராத்திரி சாப்பாட்டு நேரம். சில கப்பல்ல ரெண்டு பந்தி மாதிரி நேரம் வச்சிருப்பாங்க, ரெண்டாவதுல மாட்டினா எட்டு மணிக்கு மேல ஆயிடும், சுகர் மாத்திரை போடறவங்களுக்கு ஆகாது. புக் பண்ணும்போதே முதல் பந்தி கேட்டுருங்க. டிக்கெட் விலைக்கு மேல ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு சர்வீஸ் சார்ஜ் தனியா வரும், ஏஜென்ட் சொல்ற தொகையில அது இருக்கான்னு எழுத்துல வாங்குங்க.

கேள்விக்கு சம்பந்தம் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல. அப்பா அம்மாவோட கப்பல்ல போன போட்டோவை ஃபேமிலி குரூப்ல போட்டதுக்கு ஒரு சித்தி "மாப்ள துட்டுல கப்பல்ல சுத்துறாவளோ"ன்னு போட்டாங்க. நான் பதினஞ்சு வருஷமா வேலை பாக்கறேன், செலவு பண்ணின ஒவ்வொரு சிங்கப்பூர் வெள்ளியும் (டாலரும்) என் சம்பளம். அண்ணன் கூட்டிட்டுப் போயிருந்தா "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்"னு எழுதியிருப்பாங்க. பொண்ணு கூட்டிட்டுப் போனா மட்டும் காசு மாப்பிள்ளையோடதா? அப்பா அதுக்கு குரூப்லயே "என் மக சம்பாத்தியம்"னு ஒரே வரி பதில் போட்டாரு, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கேபின் கப்பலோட நடுவுல, கீழ் டெக்குல எடுங்க, ஆட்டம் கம்மியா தெரியும், ஆனா லிஃப்ட்டுக்குப் பக்கமா இருக்கான்னு பிளான்ல பாத்து எடுங்க. அப்பா அம்மா இந்திய பாஸ்போர்ட்னா சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியான்னு கட்டாயம் பாருங்க, கப்பல் மலேசியா போயிட்டு திரும்பறப்ப மறுபடியும் சிங்கப்பூருக்குள்ள நுழையணும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசத்துக்கு மேல செல்லணும். இதெல்லாம் பாத்துட்டு ரூட்டையும் தேதியையும் இங்கயே போடுங்க, அந்தத் துறைமுகத்துல டெண்டரா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.