ஸ்பீக்கர் வயர்கள் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “என் ஸ்பீக்கர்கள் 8 ஓம். இடது ஸ்பீக்கருக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் வயர், வலதுக்கு வேறு கம்பெனியின் 2.5 ஸ்கொயர் எம்எம். இரண்டும் 5 மீட்டர். டர்ன்டேபிளிலிருந்து ரிசீவரின் ஃபோனோ இன்புட்டுக்கு மூன்றாவது கம்பெனியின் 3 மீட்டர் கேபிள். எல்லாம் ஒரே பிராண்டாக இல்லாவிட்டால் சத்தம் சேராது என்கிறார் கடைக்காரர். மொத்தமாக மாற்ற வேண்டுமா?”

வேண்டாம். வீட்டு அளவில் ஸ்பீக்கர் வயரில் பார்க்க வேண்டியது அதன் மின்தடை. அது செம்பின் பருமனையும் நீளத்தையும் பொறுத்தது; கம்பெனிப் பெயருக்கு அதில் வேலையில்லை. உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1.5 ஸ்கொயர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.0115 ஓம். போக 5, வர 5 என 10 மீட்டருக்கு 0.115 ஓம். 2.5 ஸ்கொயரில் அதுவே 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 0.05 டெசிபல். எந்தக் காதுக்கும் அது எட்டாது.

வயர் மிகவும் மெல்லியதானால் கதை வேறு. ஒரு பக்கம் மட்டும் 0.5 ஸ்கொயர் வயரை 8 மீட்டர் இழுத்தால் 0.55 ஓம் வந்துவிடும். அந்தப் பக்கம் அரை டெசிபலுக்கு மேல் இறங்கும். நடுவில் கேட்க வேண்டிய பாடகரின் குரல் லேசாக மறுபக்கம் சாயும். போகவர மொத்த மின்தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பழைய நடைமுறை விதி. உங்களுக்கு அது 0.4 ஓம், நீங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் வயர் நிஜச் செம்புதானா என்று பாருங்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? அது செம்பு பூசிய அலுமினியம். அதே பருமனில் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும்.

இரண்டு கம்பெனி வயர்களைக் கலக்கும்போது உண்மையாகவே தப்பு நடக்கிற இடம் ஒன்று உண்டு: பிளஸ், மைனஸ். ஒன்றில் சிவப்புக் கோடு இருக்கும்; இன்னொன்றில் ஒரு பக்க உறையில் வரம்பு மட்டும் தடவினால் தெரியும்; வேறொன்றில் ஒரு கம்பி செம்பு நிறம், மற்றது வெள்ளி நிறம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப் போட்டுவிட்டால் ஒரு ஸ்பீக்கரின் அசையும் கூம்பு முன்னே வரும்போது மற்றதன் கூம்பு பின்னே போகும். பேஸ் கரைந்துவிடும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. நிறையப் பேர் இதைத்தான் ‘வயர் செட் ஆகவில்லை’ என்று நினைத்துப் புதிது வாங்குகிறார்கள். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் சோதிக்க ஒரு பென்சில் செல் போதும். ரிசீவரை அணைத்து, அந்த முனையில் வயரைக் கழற்றுங்கள். பிளஸ் என்று நீங்கள் நினைக்கிற கம்பியில் செல்லின் பிளஸ், மற்றதில் மைனஸ் என ஒரு நொடி தொடுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் வூஃபர், அதாவது பேஸ் கொடுக்கும் பெரிய கூம்பு, ஒரே திசையில் அசைய வேண்டும்.

எச்டிஎம்ஐ, ஆப்டிகல் போன்ற டிஜிட்டல் கேபிள்களிலும் கம்பெனி கலப்பது பிரச்சினையே இல்லை. சிக்னல் விட்டுவிட்டு வந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக அந்த டர்ன்டேபிள் கேபிள். டர்ன்டேபிளின் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ‘மூவிங் மேக்னட்’ வகை என்றால் நான் மாற்றச் சொல்வது இதை மட்டும்தான், அதுவும் நீளத்துக்காக. இத்தகைய பல கார்ட்ரிட்ஜ்களுக்கு மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்; அலகு பைகோஃபாரட்) 100 முதல் 200 பைகோஃபாரட் வரை இருக்கச் சொல்கிறார்கள். சாதாரணக் கேபிளே மீட்டருக்கு 100 அளவில் சேர்த்துவிடும். 3 மீட்டரில் எல்லை தாண்டி, ட்ரெபிளின் இயல்பு மாறிவிடும். ரிசீவரைப் பக்கத்தில் நகர்த்தி, நல்ல ஷீல்டு உள்ள 1 மீட்டர் கேபிள் போடுங்கள், எந்தக் கம்பெனியானாலும் சரி. டர்ன்டேபிளில் தனி எர்த் வயர் இருந்தால் அதையும் ரிசீவரின் கிரவுண்ட் திருகில் மாட்ட மறக்காதீர்கள். அது விட்டுப்போனால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வரும்.